அம்பின் முகவரி அடியில் இருக்கிறது

நிலத்திலிருந்து எடுத்த கல்முனை ஒன்றைக் கையில் கொடுத்தால், யாராக இருந்தாலும் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அதன் நுனியைத்தான். இன்னும் குத்துகிறதா என்று ஒரு சின்னச் சோதனை. குத்தினால் முகத்தில் ஒரு சந்தோஷம். அடுத்த நொடியே கேள்வி வந்துவிடும்: “இது எந்தக் காலத்து அம்பு?”

அமெரிக்காவுக்குப் போன நம் பிள்ளைகள் சிலர் இப்படிக் கேட்டுப் படம் அனுப்புவதுண்டு. டெக்சாஸிலோ ஒஹாயோவிலோ மழை விட்ட மறுநாள் உழுத வயலில் நடந்தால் கல்முனை கண்ணில் படுவது அதிசயமில்லை. அதைத் தேடிப் போவதே அங்கே பலருக்கு விடுமுறை நாள் வேலை. படத்தைப் பார்த்ததும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் பெயர் கடைசியில் வரவேண்டியது. அதற்கு முன்னால் கேட்டுத் தீர்க்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், வரிசையாகப் போவோம்.

முதல் கேள்வி: இது மனிதக் கை பட்ட கல்தானா?

கருங்கல்லை உடைத்தால் மணி மணியாக உதிரும். மாக்கல் பொடியும். ஆனால் சிக்கிமுக்கி, செர்ட், அப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடி போன்றவற்றுக்குள் இந்தப் பக்கம்தான் உடையவேண்டும் என்ற வரம்பு எதுவும் கிடையாது. ஓரத்தில் ஓர் அடி விழுந்தால் அதிர்வு கூம்பாக உள்ளே பரவும். ஒரு சில்லு கழன்று விழும். அந்தச் சில்லின் உட்புறத்தில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே, ஒரு புடைப்பு இருக்கும். அங்கிருந்து வளைகோடுகள் விரிந்து போகும். சில்லை இழந்த தாய்க்கல்லில் அதற்குப் பொருத்தமான ஒரு குழிவு நிற்கும். அந்தக் குழிவின் விளிம்பு சவரக்கத்திக்குச் சளைத்ததல்ல.

இதில் ஒரு சிக்கல். ஆறு உருட்டினாலும் கல் இப்படித்தான் உடையும். உறைபனி பிளக்கும், மாட்டின் குளம்பு மிதித்து உடைக்கும், கலப்பை மோதிச் சிதைக்கும். முக்கோணமாக இருக்கிறது என்பதற்காக எதையும் அம்புமுனை என்று சொல்லிவிட முடியாது. இயற்கை எங்கே அடிக்கிறோம் என்று யோசித்து அடிப்பதில்லை. குழிவுகள் தாறுமாறாக இருக்கும், விளிம்பு மொண்ணையாக நிற்கும். செய்பவனுக்கோ ஒரு நோக்கம் இருக்கிறது: கல்லை மெலிதாக்க வேண்டும், ஆனால் ஒடித்துவிடக் கூடாது. அதனால் இரண்டு முகத்திலும் மாறி மாறித் தட்டியிருப்பான். குழிவுகள் இரு விளிம்பிலிருந்தும் புறப்பட்டு நடுக்கோட்டில் வந்து சந்திக்கும். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நடுவில் லேசாகத் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும். இரண்டு முகம், ஒழுங்கான குழிவுகள், மெல்லிய உடல். மூன்றும் சேர்ந்திருந்தால் பேச்சைத் தொடரலாம்.

இந்த வேலையைக் கண்ணெதிரே பார்த்து எழுதிவைக்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் யாஹி இனத்தவர் ஒருவர் பசியோடு வெளிப்பட்டார். தம் இனத்தில் தனியாக மிஞ்சியவர். இஷி என்று அழைக்கப்பட்ட அவரை சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். 1916இல் இறக்கும் வரை பார்வையாளர்கள் முன் அமர்ந்து அவர் அம்புமுனை செய்து காட்டினார். பாட்டில் கண்ணாடியில்கூட அற்புதமாகச் செய்தார்; கண்ணாடியும் இதே விதிப்படிதான் உடைகிறது. கடைசி வடிவம் அடித்து வருவதில்லை, கூரான கருவியால் விளிம்பை அழுத்தி அழுத்திச் சிறு செதில்களாகத் தள்ளி எடுப்பதால் வருகிறது என்பதை ஆய்வாளர்கள் அவர் கைகளைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். நல்ல முனையின் ஓரத்தில் காணும் நுணுக்கமான வரிசை அந்த அழுத்தத்தின் தடம்.

சரி, மனிதன் செய்ததுதான். அடுத்த கேள்வி பலரை ஏமாற்றமடைய வைக்கும்: இது அம்புமுனைதானா?

பெரும்பாலும் இல்லை. வட அமெரிக்காவில் மனிதர்கள் 13,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறார்கள். ஆனால் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் வில் பரவலானது கி.பி. 500க்கும் 700க்கும் இடையில்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவர்கள் கையில் இருந்தது எறிகோல். ஒரு முழம் அளவுள்ள கோல், அதன் கோடியில் ஒரு கொக்கி. நீண்ட மெல்லிய ஈட்டியின் பின்முனையைக் கொக்கியில் பொருத்தி வீசினால், கை இன்னொரு முழம் நீண்டதற்குச் சமம். வேகம் வெகுவாகக் கூடும். ஆகவே வயலில் கிடைக்கும் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள தடித்த முனைகளில் பெரும்பாலானவை ஈட்டிக்கு உரியவை.

எது அம்பு, எது ஈட்டி என்று எப்படிப் பிரிப்பது? கம்பு மக்கிப் போய்விட்டதே. டேவிட் ஹர்ஸ்ட் தாமஸ் என்ற தொல்லியலாளர் 1978இல் ஒரு நேரான வழியைப் பிடித்தார். அருங்காட்சியகங்களில் கம்போடு முழுசாக இருக்கும் அம்புகளையும் ஈட்டிகளையும் எடுத்து அளந்தார். மெல்லிய அம்புத் தண்டு கனமான கல்லைத் தாங்காது. ஆகவே முனை சிறிதாக, லேசாக, கழுத்து ஒடுங்கியிருக்கும். பின்னர் மைக்கேல் ஷாட் இன்னும் அதிக ஈட்டிகளை அளந்து, தோள் பகுதியின் அகலம்தான் இரண்டையும் பிரிக்கச் சிறந்த அளவு என்று காட்டினார். படம் அனுப்புகிறவர்களிடம் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதிலிருந்து இன்னொரு கதையும் அடிபட்டுப் போகிறது. விரல் நகம் அளவேயுள்ள குட்டி முக்கோண முனைகளை அங்கே ‘பறவை முனை’ என்பார்கள். இவ்வளவு சிறியது குருவிக்குத்தான் என்று ஊகம். உண்மையில் அவைதான் அசல் அம்புமுனைகள். மானை வீழ்த்த அவை போதும். தோலைக் கிழித்து வழி உண்டாக்குவது மட்டுமே முனையின் வேலை. உள்ளே போவது அம்பின் வேகம்.

சில ‘முனை’கள் எறியப்பட்டவையே அல்ல, கைப்பிடி போட்ட கத்திகள். நுனி நசுங்கி, மோதலில் செதில் பின்னோக்கிப் பெயர்ந்திருந்தால் எறிந்து மோதியது எனலாம். ஒரு பக்க ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அறுத்தது, திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டது என்று கொள்ளலாம். தீட்டத் தீட்ட முனையின் உருவமே மாறிவிடும். வீட்டு அரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள்: வருடக்கணக்காகத் தீட்டி அலகு பாதியாகிப் போனாலும் பிடிக்குள் செருகிய பகுதி வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். கல்முனையிலும் அதுதான் நடக்கிறது. நுனி அதன் கடைசி நாளைச் சொல்லும். அடி அது பிறந்த நாளைச் சொல்லும்.

இப்போது அடிக்கு வருவோம். சொல்லப் போனால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

கூரான நுனியைச் செய்ய உலகம் முழுக்க ஒரே வழிதான். ஆனால் கல்லைக் கம்போடு எப்படிப் பூட்டுவது என்பதற்குப் பல வழிகள். ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒன்றை வைத்திருந்தன. அப்பனிடம் மகன் கற்றுக்கொண்ட வழக்கம் அடியில் பதிந்திருக்கிறது. கட்டிய நிலையில் ஒன்று பார்க்கவேண்டுமானால் ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாம். 1991இல் பனிக்குள்ளிருந்து கிடைத்த ஓட்ஸி என்ற 5,300 ஆண்டுப் பழைய மனிதரின் அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன. முழுமையானவை இரண்டே, அவற்றில் சிக்கிமுக்கி முனை பிளவில் செருகப்பட்டு, பூர்ச்ச மரத் தாரால் ஒட்டப்பட்டு, நூலால் சுற்றப்பட்டிருந்தது. அவர் இடது தோளிலும் ஒரு கல்முனை புதைந்திருந்தது 2001இல்தான் தெரியவந்தது. அது வேறொருவர் எய்தது.

வட அமெரிக்க முனைகளின் அடியை வரிசையாகப் பார்த்தால் ஒரு நாட்காட்டி விரிகிறது. மிகப் பழைய வரிசையில் க்ளோவிஸ், ஏறத்தாழ 13,000 ஆண்டு. வேல் வடிவம், உள்வாங்கிய அடி, அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டிப் பெயர்த்தெடுத்த நீளவாட்டுப் பள்ளம், உடலில் பாதியைத் தாண்டாமல். கம்பின் பிளவு அந்தப் பள்ளத்தில் உட்காரும். அடுத்து வந்த ஃபால்சம் முனையில் அதே பள்ளம் அநேகமாக நுனிவரை ஓடும். முனை சிறிது, தகடுபோல் மெலிது. செய்யும்போது உடைந்து போனவை ஏராளம் என்று கிடைக்கும் துண்டுகளே சொல்கின்றன. இந்த இரண்டிலும், பின்னால் வந்த டால்டனிலும், அடியோரத்தை விரலால் வருடினால் மழமழவென்று இருக்கும். வேண்டுமென்றே உரசி மழுக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் கட்டிய நரம்பைக் கல்லே அறுத்துவிடும். போலி செய்பவர்களில் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்.

அதன் பிறகு வழக்கம் மாறுகிறது. அடியை மழுக்கிச் செருகுவதற்குப் பதில் இரு பக்கமும் காடி வெட்டிக் கயிற்றை அதில் சுற்றினார்கள். மூலையில் காடி, பக்கத்தில் காடி என்று இரண்டு வகை. அடியின் நடுவிலும் ஒரு வெட்டு விழுந்து, இரண்டு காது முளைத்ததுபோல் ஆகிற ஒரு வகை 9,000 ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் கிழக்குப் பகுதியில் வருகிறது. பின்னர் அகலமான தண்டுள்ள பெரிய முனைகள். வில் வந்தபின் காடியும் தண்டும் இல்லாத எளிய சிறு முக்கோணம்.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்கிறீர்களா? பெரும்பாலும் முதலில் அடையாளம் கண்ட ஊர். க்ளோவிஸும் ஃபால்சமும் நியூ மெக்சிகோ ஊர்கள். டால்டன் மட்டும் ஆள் பெயர். மிசௌரியில் அத்தகைய முனைகளைத் திரட்டிய ஒரு நீதிபதி. ஒரே வடிவம் மாநில எல்லையைத் தாண்டினால் பெயர் மாறிவிடுவதும் உண்டு. எனவே படப்புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்து மாநிலத்துப் புத்தகம் வேண்டாம்; முனை கிடைத்த வட்டாரத்துக்கான புத்தகம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வடிவம் மட்டும் போதாது. சின்ன முக்கோணங்கள் வில் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் சில இடங்களில் செய்யப்பட்டன. தீட்டித் தீட்டிக் குட்டையான பழைய முனை புதிய வகைபோல் வேடம் போடும். கல்லின் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடக்கு டகோட்டாவின் நைஃப் ரிவர் கல் தேன் நிறம். டெக்சாஸின் அலிபேட்ஸ் கல்லில் செம்மையும் வெண்மையும் கலந்து ஓடும். ஒஹாயோவின் ஃப்ளின்ட் ரிட்ஜ் கல் பல வண்ணம். அந்த ஊர்க் கல் இல்லாமல் வெளியூர்க் கல்லாக இருந்தால் அது தனிச் செய்தி. யெல்லோஸ்டோனிலிருந்து புறப்பட்ட அப்சிடியன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு ஒஹாயோவில் ஹோப்வெல் பண்பாட்டினரின் மண்மேடுகளில் கிடைத்திருக்கிறது. கல்லின் வேதிக்கூறு பிறந்த மலையைக் காட்டிக்கொடுத்துவிடும். செர்ட் கல்லைப் பதமாகச் சுட்டால் எளிதாகச் செதுக்க வரும் என்பதும் அன்றைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. சுட்ட கல் பல சமயம் சிவந்து, செதுக்கிய முகத்தில் மெழுகு மினுக்கோடு இருக்கும்.

போலி பற்றி இரண்டு வரி. இன்றும் திறமையாகக் கல் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; அது தவறில்லை, ஆராய்ச்சிக்கே அவர்கள் உதவியிருக்கிறார்கள். அதைப் பழசு என்று விற்பதுதான் தவறு. பல ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்த கல்லின் குழிவுகளில் தாதுப் படிவு ஏறியிருக்கும், முகடுகள் லேசாக மழுங்கியிருக்கும், கலப்பை பட்ட புதுக் காயம் வேறு நிறத்தில் தெரியும். எல்லாக் குழிவும் ஒரே நிறம், எல்லா முகடும் கையை அறுக்கும் கூர்மை, நுனி முதல் அடிவரை ஒரு கீறலில்லாத அழகு என்றால் சந்தேகப்படுங்கள்.

இனி வயது. இவ்வளவு நேரம் 13,000, 9,000 என்று எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படித் தெரியும்? கல்லுக்கு ரேடியோகார்பன் காலக்கணிப்பு கிடையாது; அது உயிரோடிருந்த பொருளுக்கு மட்டும். கரி, எலும்பு, விதை. முனையின் வயது என்பது அதோடு அதே மண்ணடுக்கில் கிடந்த கரியின் வயது. முனையை வயலிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அந்த உறவு அறுந்து போகிறது.

இதை மிகச் சரியாகக் காட்டுவது ஃபால்சம் கதை. ஜார்ஜ் மெக்ஜங்கின், அடிமையாகப் பிறந்து பண்ணை மேற்பார்வையாளராக உயர்ந்த கறுப்பினத்தவர். படிப்பை முயன்று தானே கற்றுக்கொண்டவர். 1908இல் பெருவெள்ளம் அரித்த ஓடைக்கரையில் பெரிய பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். சாதாரணக் காட்டெருமையின் எலும்பு அல்ல என்பது அவருக்குப் புரிந்தது, பலரிடம் சொன்னார். வந்து பார்க்க ஆளில்லாமலே 1922இல் காலமானார். 1926இல் டென்வர் அருங்காட்சியகத்தினர் தோண்டினார்கள். அழிந்துபோன பெருங்காட்டெருமையின் எலும்புகளோடு கல்முனைகளும் கிடைத்தன. ஆனால் மண்ணிலிருந்து கழன்ற நிலையில். அமெரிக்காவுக்கு மனிதன் வந்து சில ஆயிரம் ஆண்டுகளே என்று நம்பிய பெரிய அறிஞர்களுக்கு அது சான்றாகவில்லை. இனி ஒன்று தென்பட்டால் தொடாதீர்கள், அப்படியே விட்டுவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். 1927 ஆகஸ்ட் 29 அன்று, எருமையின் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை தெரிந்தது. வேலையை நிறுத்தித் தந்தி அடித்தார்கள். தொல்லியலாளர்கள் நேரில் வந்து, மண்ணில் கிடந்தபடியே பார்த்தார்கள். விவாதம் முடிந்தது. முந்தைய ஆண்டில் கழன்று வந்த முனையும் அதே கைகள் செய்ததுதான், அதே எருமைக் கூட்டத்தைக் கொன்றதுதான். கழன்ற முனையால் நிரூபிக்க முடியாததை, எடுக்காமல் விட்ட முனை நிரூபித்தது.

வடக்கு கரோலினாவில் ஜாஃப்ரி கோ என்பவர் செய்ததும் இதே பாடம்தான். வயல்களில் கிடைத்த முனைகள் பலவகையாகக் கலந்து கிடந்ததால், எல்லாம் ஒரே கூட்டத்தார் பல வேலைக்குச் செய்தவை என்றுகூட எண்ண இடமிருந்தது. ஆறு படியவைத்த மண்ணடுக்குகளை அவர் பொறுமையாக உரித்தபோது, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு வடிவம் மேலோங்கியிருந்தது; கீழ் அடுக்கில் ஒன்று, மேல் அடுக்கில் இன்னொன்று. 1964இல் அவர் வெளியிட்ட அந்த வரிசையின் பெயர்களைத்தான் இன்றும் அந்தப் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இப்படி உண்டா என்ற கேள்வி எப்படியும் வரும். உண்டு, ஆனால் அளவு வேறு. தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத் வட்டாரங்களில், குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செய்த நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் 1956இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பிறை, முக்கோணம் என்று விரல்நுனி அளவுத் துண்டுகள். பெரும்பாலும் தனியாக ஒன்று கருவி ஆகாது; பல துண்டுகளைத் தண்டில் பதித்துப் பிசினால் ஒட்டினால்தான் கருவி. அவற்றுக்கிடையே இரு முகமும் அழுத்திச் செதுக்கிய சிறு முனைகளும் சில உண்டு. இந்தியாவில் அது அபூர்வம். ஒப்புமை இலங்கையில் கிடைக்கிறது. இலங்கையின் ஃபாஹியன் குகையிலோ முனை கல்லில்கூட இல்லை, எலும்பில். 48,000 ஆண்டுகள் வரை பின்னே போகும் அந்த எலும்பு முனைகளின் தேய்மானத்தைப் பார்த்து, அங்கே வில் இருந்தது என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்கப் படப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தேரியில் தேடினால் காலடியில் கிடப்பதையே மிதித்துக்கொண்டு போவோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு பொறுக்கலாம். தேசியப் பூங்கா போன்ற அரசு நிலங்களில் கூடாது, பழங்குடியினர் நிலத்தில் அவர்கள் சம்மதமின்றிக் கூடாது. புதைகுழி என்று தோன்றினால் எங்கேயும் கை வைக்கக் கூடாது. இந்தியாவில் நூறாண்டு கடந்த தொல்பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. வாங்குவது விற்பதை விட்டுவிட்டு, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்வதே முறை.

அப்படியானால் வயலோரத்தில் கிடைத்ததை எடுத்துவிட்டவர் என்ன செய்யலாம்? வர்ஜீனியாவில் பென் மக்கேரி என்றொருவர் இருந்தார். கல்லூரியில் பிரெஞ்சு மொழிப் பேராசிரியர். 1940களில் அவர் ஒரு வேலையைத் தொடங்கினார்: நீளவாட்டுப் பள்ளமுள்ள பழைய முனை யார் வீட்டில் இருந்தாலும் போய்ப் பார்த்து, அளந்து, என்ன கல், எந்த மாவட்டம் என்று எழுதி, ஓர் எண் கொடுத்துப் பதிவார். கல் உரியவரிடமே இருக்கும். குறிப்பு மட்டும் அவரிடம். அந்தப் பதிவேடு அவருக்குப் பிறகும் தொடர்ந்து ஆயிரத்தைத் தாண்டியது. பெட்டியில் பெயரில்லாமல் கிடந்திருக்கவேண்டிய கற்கள், முதல் மனிதர்கள் எங்கே கூடினார்கள் என்று காட்டும் வரைபடமாயின.

ஆகவே படம் அனுப்புகிறவர்களுக்கு: இரண்டு முகத்தையும் பக்கவாட்டையும் ஸ்கேலோடு எடுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அடியை விரலால் வருடி மழமழப்பா, சொரசொரப்பா என்று எழுதுங்கள். எந்த வயல், எந்த ஓடை, எந்தத் தேதி என்பதை அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். பெயரை நாளை வேறொருவர் திருத்திக்கொள்ளலாம். இடத்தை உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.